தேஜுவுக்குக் காது குத்து

எழிலன் திருத்தணியில் ரயிலை விட்டு இறங்கியபோது அவன் கையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. சின்னதில் அவனுடைய துணிமணி. பெரியதில் அவன் அக்கா சுலோச்சனா அடைத்துக் கொடுத்த மைலோ பானப்பொடிப் பொட்டலங்கள், வண்ணப் பென்சில்கள், முடி கிளிப்புகள், எந்த வயதுக் குழந்தைகள் என்று தெரியாமல் எல்லா அளவிலும் வாங்கிப் போட்ட காலுறைகள். இத்தனை காலுறை எதற்கு என்று கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. குழந்தைகளுக்கு வாங்குவது என்றால் அக்கா கடையில் நேரம் போவது தெரியாமல் நிற்பாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. வயிற்றில் வந்ததெல்லாம் தங்காமல் போன பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

மலேசியாவை விட்டு அவன் வெளியே கால் வைத்தது இதுதான் முதல் தடவை. பினாங்குத் தொழிற்சாலை ஒன்றில் பார்த்த வேலையை விட்டாயிற்று. அடுத்த வேலையில் சேர இரண்டு மாதம் இருந்தது. சுங்கைப்பட்டாணியில் அவன் போகிற முருகன் கோயிலின் இளைஞர் மன்றம், வருடத்துக்கு ஒருவரைத் திருத்தணியில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குத் தொண்டு செய்ய அனுப்பும். இந்த வருடம் யார் போவது என்று கேட்டபோது அவன் கையைத் தூக்கிவிட்டான். தூக்கிய கையை இறக்குவதற்குள் விமானச் சீட்டு வந்துவிட்டது.

இல்லத்தின் வேனோடு நிலையத்துக்கு வெளியே காத்திருந்தவர் கோதண்டம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். எழிலனின் காதில் ஒன்றும் ஏறவில்லை. காரணம், மலை. வேன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மலை ஜன்னலில் வந்து நின்றது. பிறந்ததிலிருந்து வீட்டுச் சுவரில் படமாகப் பார்த்துக் கும்பிட்ட மலை. அதன் அடியில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போவதும், மாடிகளில் துணி காய்வதும், ஒரு கரும்பு லாரி டயர் மாற்றிக்கொண்டு நிற்பதும் அவனுக்கு நம்ப முடியாததாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அவன் தலை நீண்டுகொண்டே போவதைப் பார்த்துவிட்டு, "நைனா, மலை எங்கியும் போவாது. நீ உள்ள குந்து, அந்தக் கதவு சரியா மூடாது" என்றார் கோதண்டம்.

இல்லம் பொதட்டூர்பேட்டை சாலையில் இருந்தது. ஒரு காலத்தில் விசைத்தறி ஓடிய நீளமான கட்டடம். ஜன்னல்களில் எல்லாம் கட்டம் போட்ட லுங்கித் துணியில் திரை தொங்கியது. சிறுமிகளின் கவுன்கள், பையன்களின் அரைக்கால் சட்டைகள், தலையணை உறைகள் எல்லாம் அதே துணி. ஊரில் தறி வைத்திருப்பவர்கள் மீந்த துணியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்களாம். முப்பது குழந்தைகளும் பச்சை, நீலக் கட்டங்களில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலிருந்தது.

அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். இல்லத்தை நடத்தும் புஷ்பலதா டீச்சர் அவனையும் பந்தியில் உட்காரச் சொன்னார். எதிரில் ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்து வைத்தான். "உன் பேர் என்னா?" என்று கேட்டான்.

"தேஜு" என்றாள். பிறகு கேட்டாள்: "நீ எனக்கு இன்னா முறை?"

எழிலனின் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரும் மாமாதான், மளிகைக் கடைக்காரரும் மாமாதான். "மாமான்னு கூப்பிடு" என்றான்.

பந்தி அப்படியே நின்றுவிட்டது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பெரிய பெண் கரண்டியைத் தூக்கியபடி நின்றாள். தேஜு அவனை உச்சி முதல் கால் வரை ஒரு முறை பார்த்தாள். எழுந்து சுற்றிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். தன் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்து அவன் தட்டில் வைத்து, "சாப்டு" என்றாள்.

குழந்தை விளையாட்டு என்று அவன் நினைத்தான். அப்பளத்தையும் சாப்பிட்டான்.

அது விளையாட்டு இல்லை என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. காலையில் எட்டு வயதுப் பையன் ஒருவன் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டால், "அவளுக்குப் பரீட்சை. நான் சித்தப்பா இல்ல?" என்றான். ஒரு சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் தட்டைக் கழுவியது அவனுடைய பெரியப்பா, வயது பத்து. தலையில் பேன் பார்ப்பது அத்தைகளின் வேலை. பார்க்காத அத்தையைப் பற்றி மொட்டை மாடியில் பஞ்சாயத்து நடக்கும்.

இல்லத்துக்கு வருகிற எந்தக் குழந்தைக்கும் சொல்லிக்கொள்ள ஒரு சொந்தம் கிடையாது. வந்த வாரத்துக்குள் அதற்கு அத்தை, சித்தி, பெரியப்பா, மச்சான் எல்லாம் கிடைத்துவிடும். யார் ஆரம்பித்தது என்று புஷ்பலதா டீச்சருக்கே தெரியாது. அவர் வேலைக்கு வருவதற்கு முன்பே இருந்ததாம். பெரிய பிள்ளைகள் படிப்பு முடித்து வெளியே போகும்போது அடுத்த பெரிய பிள்ளையிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். எழுதி வைத்ததெல்லாம் இல்லை, தலைக்குள்தான். இப்போது அது கயல்விழியின் தலையில் இருந்தது. ரசக் கரண்டியோடு நின்ற அந்தப் பெண்தான் கயல்விழி. எட்டாம் வகுப்பு. இரட்டைப் பின்னல். யாருக்கு யார் என்ன முறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

எழிலனுக்குப் பெரிய குடும்பம். கல்யாணம், காரியம் என்றால் மூன்று பஸ் வைத்துப் போவார்கள். அந்தக் குடும்பத்தில் சித்தப்பாவும் பெரியப்பாவும் ஒரு வேலிக்காகப் பல வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. இங்கே ரத்தத்தில் ஒரு துளிகூடச் சம்பந்தமில்லாத பிள்ளைகள் ஒருவர் முடியை ஒருவர் சிக்கெடுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். குழாய்க்கு வாஷர் மாற்ற, கணக்குச் சொல்லித்தர, மின்விசிறி ரிப்பேர் பார்க்க என்று வந்தவன், வந்த வேலையை மறந்து பல நேரம் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவான். அப்போதெல்லாம் தேஜு வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, வாய்ல ஈ பூந்துடும்" என்பாள்.

அவளுக்கு அந்த இல்லத்தில் எல்லா முறையும் இருந்தது. கயல்விழி பெரியம்மா. வேன் ஓட்டும் கோதண்டம் தாத்தா. மாமன் மட்டும் இல்லாமல் இருந்தது. எழிலன் வந்து அந்த இடத்தை நிரப்பிவிட்டான். கேட்ட மாத்திரத்தில், சாதம் பிசைந்த கையோடு.

மார்கழி பிறந்த பிறகு ஒரு நாள் புஷ்பலதா டீச்சர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டீ கொடுத்தார். தைக் கிருத்திகையன்று தேஜுவுக்கு மலையில் முடி இறக்கிக் காது குத்துவதாக இருக்கிறது என்றார். ஏழு நடக்கிறது, இனியும் தள்ள முடியாது. இதுவரை தள்ளியதற்குக் காரணம் தேஜுதான். மற்ற குழந்தைகளுக்கு யாராவது ஒருவர் மாமன் முறையில் மடி கொடுத்துவிடுவார்கள். இவள் மட்டும் யார் மடியிலும் உட்கார மாட்டேன் என்று இரண்டு வருடமாக நின்றுவிட்டாள்.

பிறகு மெதுவாக மற்றதைச் சொன்னார். ஓர் ஆடிக் கிருத்திகையில், பூக்காவடிகளும் அரோகராச் சத்தமுமாகச் சனம் நெருக்கித் தள்ளிய நாளில், மலைப்படியின் அடிவாரத்தில் தேஜு உட்கார்ந்திருந்தாள். அப்போது மூன்று வயது இருக்கும். கூட்டம் வடிந்த பிறகும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரர் தூக்கப் போனபோது வரமாட்டேன் என்று படியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தமிழும் தெலுங்குமாக அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். இங்கேயே உட்கார், மாமா வருவார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இந்தப் பக்கமும் ஆந்திரா பக்கமும் விசாரித்தார்கள். யாரும் வரவில்லை.

எழிலனின் கையில் டீ ஆறிவிட்டது.

"மாமான்னு நீங்க தெரிஞ்சு சொல்லல, தம்பி. அது எனக்குத் தெரியும்" என்றார் டீச்சர். முன்பு ஒரு வெளிநாட்டுத் தம்பதி வந்து தங்கிவிட்டுப் போனதையும் சொன்னார். கிளம்பும்போது ஒரு பையனிடம் சீக்கிரம் வருகிறோம் என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அவன் பல நாள் ஷூவைப் போட்டுக்கொண்டே தூங்கினான். கூப்பிட வந்தால் உடனே கிளம்ப வேண்டுமே என்று. "அங்கிள்னு கூப்ட்டாங்கன்னா எனக்கு பயமில்ல. அங்கிள்னா ஊருக்குப் போறவருன்னு இதுங்களுக்கே தெரியும். மாமன் அப்படி இல்ல. அவகிட்ட உண்மையச் சொல்லிடுங்க. கிருத்திகைக்கு முன்னாடியே சொல்லிடுங்க."

அவனுடைய விமானம் கிருத்திகைக்கு மறுவாரம். சொல்ல வேண்டியதுதான் என்று அவனும் நினைத்தான். ஆனால் சொல்லப் போகும் ஒவ்வொரு முறையும் அவள் ஏதாவது ஒன்றை அவன் கையில் கொடுத்துவிடுவாள். உடைந்த வளையல், உரித்த நிலக்கடலை, விழுந்த பல்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த அன்று காலை, குழந்தைகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகும்போது அவன் மனதைத் திடப்படுத்திக்கொண்டான். கரும்பு டிராக்டர் ஒன்று மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பெரிய பையன்கள் பின்னால் ஓடி ஒரு கரும்பை உருவியிருந்தார்கள். அதில் தேஜுவின் பங்கு அவள் வாயில் இருந்தது. மற்றவர்களை முன்னால் போகவிட்டு அவளோடு பின்தங்கி நடந்தான்.

"தேஜு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னைக்கு உன்னைப் படியில உட்கார வெச்சிட்டுப் போனாங்கல்ல. அவங்க சொன்ன மாமா நான் இல்ல."

அவள் சக்கையைத் துப்பினாள். "தெரியும்" என்றாள்.

அவன் நின்றுவிட்டான். எப்படித் தெரியும் என்று கேட்டான்.

"அந்த மாமாவா இருந்தா என் பேரு தெரிஞ்சிருக்கும். நீ வந்தன்னிக்கே உன் பேரு இன்னான்னு கேட்டியே."

மலை அவர்களுக்கு எதிரில், காலை வெயிலில், கோபுரத்தோடு தெளிவாக நின்றது. எழிலனுக்கு அதைப் பார்க்கத் தோன்றவில்லை. தன் இடுப்பு உயரத்துக்கு நின்று கரும்பு மென்றுகொண்டிருந்த இந்த உயிரை மட்டும்தான் பார்த்தான். முதல் நாளே, முதல் கேள்வியிலேயே இவள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் எழுந்து சுற்றி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அப்பளத்தை வைத்திருக்கிறாள்.

"அப்புறம் ஏன் என்னை மாமான்னு கூப்பிட்ட?"

"நீதான சொன்ன மாமான்னு. நானா சொன்னேன்?" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள். "அவரு வருவாரு வருவாருன்னு எத்தினி நாளு குந்திகினே இருக்கறது. எனக்கும் கம்மல் போட வேணாமா?"

அன்று முழுவதும் அவனுக்கு எந்த வேலையும் ஓடவில்லை. ஏமாந்து நம்பிக்கொண்டிருக்கிற குழந்தையிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் தன் பொறுப்பு முடிந்தது என்றிருந்தான். அவள் ஏமாறவில்லை. வரப்போகிறவர் என்று யாரோ சொன்னவரை விட்டுவிட்டு, வந்தவனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இப்போது பதில் சொல்ல வேண்டியவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டை மாடிக்கு அவனை வரச்சொல்லி ஆள் வந்தது. காய்கிற லுங்கித் துணிகளுக்கு நடுவே கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் கயல்விழி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் சித்தப்பாக்கள், அத்தைகள். தேஜுவைக் காணோம். இது பெரியவர்கள் விஷயம் என்று அவளைக் கீழே அனுப்பிவிட்டார்களாம்.

கயல்விழி சுற்றி வளைக்கவில்லை. "அங்கிள், பாப்பா உங்க மடியிலதான் குந்துவேன்னு சொல்றா. நீங்க இன்னா சொல்றீங்க?" என்றாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால், மாமனுடைய கடமைகளை எடுத்து வைத்தாள். காது குத்துக்கு மடி கொடுத்துவிட்டு எழுந்து போய்விட முடியாது. அவள் பெரியவளானால் சீர் கொண்டுவர வேண்டும். கல்யாணத்தை முன்னால் நின்று நடத்த வேண்டும். நடுவில் யாராவது அவளை ஒரு சொல் சொன்னால் வந்து என்னவென்று கேட்க வேண்டும்.

"மலேசியாவுல இருந்தா?" என்றான் எழிலன்.

"எங்க இருந்தா எங்களுக்கு இன்னா. ஃபோன்ல வந்தா செல்லாது. முறைன்னா நேர்ல வரணும்."

வீடியோ காலும் செல்லாது என்று ஒரு சித்தப்பா எடுத்துக் கொடுத்தான். கயல்விழி அவனை முறைத்தாள். பிறகு எழிலனிடம் குரலைத் தாழ்த்தி, "முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. தப்பில்ல. நாங்க அவளுக்குச் சொல்லிக்கிறோம்" என்றாள்.

பதின்மூன்று வயதுப் பெண்ணின் முகத்தில் அவ்வளவு பெரிய மனதை அவன் எதிர்பார்க்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் நேரம் கேட்டான். கொடுத்தார்கள்.

கீழே வந்து அக்காவுக்குப் போன் செய்தான். சுங்கைப்பட்டாணியில் அப்போது அவள் சமையலறையில் இருந்தாள். அடுப்பில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொன்னான். படி, அடிவாரம், கரும்பு, பக்கெட், ஃபோனில் வந்தால் செல்லாது என்பது வரைக்கும். உனக்கென்ன பைத்தியமா, போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாயா என்று அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் அதையே சாக்காகச் சொல்லிப் பின்வாங்கவும் ஒரு மனது தயாராக இருந்தது.

தாளிக்கும் சத்தம் நின்றது. அக்கா அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

"நீ தாய்மாமன்னா" என்றாள் சுலோச்சனா, ஒவ்வொரு சொல்லாக. "அந்தப் புள்ளைக்கு நான் என்னாடா முறை?"

இதை அவன் யோசித்தே பார்க்கவில்லை. மாமன் என்றால் தாயோடு பிறந்தவன். தம்பியை அந்த இடத்தில் உட்கார வைத்தால் அவனுடைய அக்கா எங்கே வந்து நிற்பாள் என்று அந்த மாடியில்கூட யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா," என்றான். "தப்பா நினைச்சுக்காத. அவளை யாரும் கூட்டிட்டுப் போக முடியாது. அதுக்கெல்லாம் சட்டம் வேற."

"கூட்டிட்டுப் போறேன்னா சொன்னேன்? அந்தப் புள்ளைக்கு உயரம் என்னா? இடுப்பு என்னா? பட்டுப் பாவாடை இல்லாம வெறும் மடிய மட்டும் குடுப்பியா நீ?" பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "நேர்ல வந்தாத்தான் செல்லும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுன்ன. நான் வர்றேன்."

சாயங்காலம் எழிலன் மாடிக்குப் போய்ச் சரி என்று சொன்னான். கயல்விழி பக்கெட்டிலிருந்து எழுந்தாள். தேஜுவின் பெரியம்மாவுக்கு தேஜுவின் மாமன் என்ன முறை என்பதை அவள் ஏற்கெனவே கணக்குப் பார்த்து வைத்திருந்தாள். "சரி தம்பி, பால் ஆறிப்போவுது, கீழ வா" என்றாள். இருபத்தேழு வயதுத் தம்பி அவள் பின்னால் இறங்கிப் போனான்.

புஷ்பலதா டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி சொல்லி அனுமதி வாங்குவதாகச் சொன்னார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். "வருசத்துக்கு ஒரு தடவ வரணும். வரலன்னா நான் கேக்க மாட்டேன் தம்பி. ஃபோன அவகிட்டயே குடுத்துடுவேன். அவளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கங்க." அதைவிடப் பெரிய மிரட்டல் எதுவும் இருக்க முடியாது என்று எழிலனுக்குத் தெரிந்தது.

கிருத்திகைக்கு முந்தின நாள் சுலோச்சனா வந்தாள். வேனிலிருந்து இறங்கும்போதே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாசலில் கயல்விழி நின்றிருந்தாள். முப்பத்தாறு வயதுக்காரியைப் பார்த்து, "வா தங்கச்சி, விமானத்துல ஒண்ணும் கஷ்டமில்லையே?" என்று விசாரித்தாள். சுலோச்சனா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேஜு கயல்விழிக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தாள். வரவில்லை.

மறுநாள் காலை மலைப்படியில் எழிலன் கண்ட காட்சியை அவன் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறான். சரியாகச் சொல்ல வந்ததே இல்லை. காவடிகளோடு போகிற கூட்டத்துக்கு நடுவே அந்த முப்பது பிள்ளைகளும் வரிசையாக ஏறினார்கள். ஒவ்வொரு கையிலும் ஒரு எவர்சில்வர் தட்டு. சாப்பிடுகிற அதே தட்டுகள்தான், புளி போட்டு விளக்கியிருந்தார்கள். ஒன்றில் வாழைப்பழம், ஒன்றில் வெற்றிலை பாக்கு. இன்னொன்றில் இரண்டு பிஸ்கட். ஒன்றில் கண்ணாடி வளையல், ஒன்றில் பாதி தீர்ந்த பவுடர் டப்பா. மைலோ பொட்டலம் ஒன்றும் பொட்டு வைத்துக்கொண்டு ஏறியது. நடுவில் சுலோச்சனா, பச்சைப் பட்டுப் பாவாடையும் தங்கக் கம்மலும் வைத்த தட்டோடு. கயல்விழி முன்னால் போய், "வழி வுடுங்க, சீர் வருது" என்றாள். காவடி எடுத்தவர்கள்கூட ஒதுங்கினார்கள். வழியில் ஒரு அம்மாள், இவ்வளவு பெரிய சொந்தமா, எந்த ஊர்க் குடும்பம் என்று கேட்டார். கயல்விழி திரும்பிக்கூடப் பார்க்காமல், "இந்த ஊருதாங்க. எங்க வூட்டு விசேஷம்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

எழிலன் மலேசியாவில் பத்துமலை முருகன் கோயில் படிகளில் காவடி தூக்கியிருக்கிறான். தோளில் அப்போது இருந்த பாரம் எதுவும் இப்போது இல்லை. இருந்தும் கால் கனத்தது. உலகத்தில் ஒருவருக்கும் வேண்டாதவர்கள் என்று பதிவேட்டில் பேர் எழுதப்பட்ட பிள்ளைகள், ஒரு சீர்வரிசையைத் தூக்கிக்கொண்டு தனக்கு முன்னால் ஏறுகிறார்கள். இதைச் செய்ய அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அவனுக்கு விளங்கவே இல்லை. அவன் அவர்களுக்குக் கொடுக்க வந்தவன். பெட்டியில் பென்சில் கொண்டுவந்தவன்.

முடி இறக்கும் இடத்தில் அவன் சம்மணமிட்டு உட்கார்ந்தான். தேஜு வந்து மடியில் உட்கார்ந்தாள். இவ்வளவு லேசாக இருப்பாள் என்று அவன் நினைக்கவில்லை. நாவிதர் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். முடி கற்றை கற்றையாக அவன் வேட்டியில் விழுந்தது. குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, பட்டுப் பாவாடை கட்டி மறுபடியும் மடியில் உட்கார வைத்தார்கள். காது குத்த வந்த பத்தர் ஊசியை எடுத்தார். முதல் காதுக்குச் சத்தமே போடவில்லை. இரண்டாவது காதுக்கு, எழிலனின் முன்னங்கையைப் பிடித்து, கண்ணில் நீர் வரும் வரை கடித்தாள். நீர் வந்தது இருவருக்கும்தான்.

"மாமன் கையி நல்லா கெட்டியா கீது" என்றார் கோதண்டம். பிள்ளைகள் சிரித்தார்கள். தேஜுவும் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். கைக்கண்ணாடியில் காதைப் பார்த்த பிறகு அழுகையை அடியோடு மறந்துபோனாள்.

பக்கத்தில் வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு சுலோச்சனா நின்றிருந்தாள். சீரை வைத்தாகிவிட்டது, இனி என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தின நாளிலிருந்து குழந்தை அவள் பக்கம் வரவில்லை. அவளும் வா என்று கூப்பிடவில்லை. இவங்க பாப்பாவுக்கு இன்னா முறை என்று ஒரு சித்தப்பா கயல்விழியின் காதைக் கடித்தான். எல்லாருக்கும் முறை சொல்கிற கயல்விழி இதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. "அத பாப்பாதான் சொல்லணும்" என்றாள்.

இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. எழிலன் முன்னால் இறங்கிக்கொண்டிருந்தான். கையில் பல் தடம் சிவந்து, வரிசையாக, ஒரு பல் விழுந்த இடத்தில் மட்டும் இடைவெளியோடு இருந்தது. அவனுக்குப் பின்னால், எல்லாருக்கும் கடைசியாக சுலோச்சனா வந்துகொண்டிருந்தாள். அடிவாரம் வந்தபோது தேஜு நின்றாள். கடைசிப் படிகளில் ஒன்றை உற்றுப் பார்த்தாள். அந்தப் படிதானோ என்னவோ, யாரும் கேட்கவில்லை. சந்தனம் காய்ந்த தலையோடு, புதுக் கம்மலோடு, அவள் அங்கேயே நின்றாள். பிள்ளைகள் இருபக்கமும் விலகி இறங்கிப் போனார்கள்.

சுலோச்சனா அந்தப் படிக்கு வந்து சேர்ந்தாள். தேஜு அண்ணாந்து பார்த்தாள். கையை நீட்டி அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பேரு இன்னா?"

கீழே நின்றிருந்த எழிலன் திரும்பிப் பார்த்தான். பேரைக் கேட்பவர்கள் காத்திருந்த சொந்தம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். சுலோச்சனாவுக்கும் அவன் சொல்லியிருந்தான். அவள் முகம் ஒரு கணம் வாடியது. ஆனாலும் குனிந்து, குழந்தையின் கண்ணுக்கு நேராக, "சுலோச்சனா" என்றாள்.

தேஜு அதை உதட்டுக்குள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். சு, லோச், சனா. இன்னொரு முறை சொன்னாள். சரியாக வந்துவிட்டது.

"நாளைக்கு கேக்க மாட்டேன்" என்றாள். விரலை விடாமல் அந்தப் படியைத் தாண்டி இறங்கினாள்.